அறுவை மருத்துவர் சங்கத்துக்குக் கொண்டுபோன மாலை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்குக் கெலிண்டானாக, அதாவது எடுபிடி ஆளாக ஏறி, டிரைவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து வளர்ந்தவன். இன்றைக்குச் செகிஞ்சான் சாலையில் என் லோரி வந்தால் எதிரே வரும் கார்க்காரன் ஒதுங்கி வழி விடுகிறான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்குத் தகுதி இருக்கிறது. என் மகளை அறுவை மருத்துவர் ஆக்கியதும் நான்தான். அவள் படித்தாள், அதனால் ஆனாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. உட்கார்ந்து படிக்க மேசை நாற்காலி யார் வாங்கிப் போட்டது?

அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. இந்த நாட்டில் எங்கே எவர் கத்தி பிடித்தாலும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சங்கம். "ஞாயித்துக்கெழம சங்கத்து மாநாட்டுல நான் பேசணும்பா, வீட்டுக்கு வர மாட்டேன்" என்று மகள் போனில் சொன்னபோது எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

"எதப் பத்திப் பேசப் போற?"

"ஒரு கேஸப் பத்தி."

"பெரிய கேஸா?"

"வேல இருக்குப்பா" என்று வைத்துவிட்டாள்.

சங்கம் என்றால் எனக்குத் தெரியாததா? கோயில் சங்கம், லோரிக்காரர் சங்கம் எல்லாவற்றிலும் தலைவர் நாற்காலியில் இருந்தவன். சங்கம் கூடினால் மாலை, பொன்னாடை, பேச்சு, பிரியாணி, கடைசியில் நாற்காலிக்குச் சண்டை. மருத்துவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சண்டை போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளுயர ரோஜா மாலைக்குச் சொன்னேன். சரிகைப் பொன்னாடை வாங்கினேன். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றினேன்.

மாலையும் பொன்னாடையும் வைத்த தட்டைத் தூக்க ஒரு கை வேண்டுமே. எங்கள் லோரி யார்டில் சமைக்கும் அம்மாவை வரச் சொன்னேன். அந்த அம்மாவின் புருசன்தான் என் முதல் லோரியை ஓட்டியவர். போன வருடம் வயிற்று வலி என்று என் மகள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் போனார். அவளே அறுத்துப் பார்த்தாள். அவர் பெட்டியில் திரும்பி வந்தார். சாவு வீட்டில் அந்த அம்மா என் காலடியில் உட்கார்ந்து, "ஏன்ணே செத்தாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "எம் மவளே கத்தி வெச்சும் பொழைக்கலன்னா, எந்த டாக்டர் வந்தும் பொழைக்க மாட்டாரும்மா" என்றேன். அதோடு அழுகை நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை, புருசன் ஏன் செத்தார் என்பதற்கு அந்த அம்மாவிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

வேனில் அந்த அம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது. "பாப்பாவுக்குக் கழுத்து வலிக்காதாண்ணே? இவ்வளவு கனமா இருக்கு."

"வலிக்கட்டும் லா. பெருமன்னா அப்படித்தான்."

என் மச்சான் பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தான். "பாப்பாவுக்கா வாங்கியிருக்காரு? போட்டோவுல பக்கத்துல யாரு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கப் போறாருன்னு பாருங்க." வேன் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் என் சோற்றைத் தின்றவர்கள்தான்.

கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல். வாசலில் பெயர் அட்டை கொடுக்கும் பெண் எங்கள் தட்டைப் பார்த்து, "அங்கிள், ஓப்பனிங் எல்லாம் காலையிலேயே முடிஞ்சிருச்சே" என்றாள். "பேசப் போறது எம் மக. கதவத் தொற" என்றேன். அவள் யாரையோ கேட்கத் திரும்பினாள். நாங்கள் உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டோம்.

உள்ளே ஒரு பூ இல்லை. யார் கழுத்திலும் ஒன்றும் இல்லை. மேடையில் ஒரு இளைஞர் வேர்த்து நின்றார். கீழே இருந்தவர்கள் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள். அவர் இறங்கியதும் ஒருவரும் கை தட்டவில்லை. அடுத்து என் மகள் ஏறினாள். திரையில் ஒரு படம் வந்தது.

வயிறு. முகம் இல்லை, பெயர் இல்லை. பலூன் மாதிரி ஊதிய ஒரு வயிறு மட்டும். தொப்புளுக்குப் பக்கத்தில் வெற்றிலை அளவுக்கு வெந்த தழும்பு. பாகான் நக்கோடா ஓமார் சாலையில், கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்து வாங்கிய தழும்பு அது. லோரி என்னுடையது, எனக்குத் தெரியாதா? அதற்கு மருந்து போட்டு ஆற்றிய கைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தட்டோடு பக்கத்தில் இருந்த அந்த அம்மா என் பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, அது எங்க வீட்டுக்காரரு."

"வாய மூடு" என்றேன்.

என் இங்கிலீஷ் வியாபார இங்கிலீஷ். ஆனாலும் அங்கே பேசியது எனக்குப் புரிந்தது. முன்வரிசையில் ஒரு நரைத்த தலை, எழுந்திருக்காமலே கேட்டது.

"குடல் முறுக்கு என்று எப்போது தெரியும்?"

"காலையிலேயே தெரியும். குழாய் விட்டேன். அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன்."

"அவிழவில்லை என்று எப்போது தெரியும்?"

"மதியம்."

"வயிற்றை எப்போது திறந்தீர்கள்?"

"இருட்டிய பிறகு."

"நடுவில் என்ன செய்தீர்கள், டாக்டர்?"

என் மகள் தண்ணீரைத் தேடினாள். அங்கே தண்ணீர் இல்லை. "அவிழும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்."

"நீங்கள் நம்பி முடிக்கும்வரை குடல் அழுகாமல் காத்திருக்குமா?"

என் யார்டில் லோரியைக் கவிழ்த்தவனை எல்லாருக்கும் முன்னால் நிற்கவைத்துத்தான் ஏசுவேன். ஏசுகிறவன் நானாக இருக்கும்போது அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எழுந்துவிட்டேன். "யோவ் பெரியவரே! எம் மகள நிக்க வெச்சுக் கேக்க நீ யாருய்யா?"

மொத்த மண்டபமும் திரும்பியது. மகள் மைக்கிலேயே தமிழில் சொன்னாள். "உட்காருங்கப்பா. அவரு கேக்கறதுக்குத்தான் இந்தச் சங்கமே இருக்கு. கத்தி பிடிக்கறவங்கள வேற யாராலயும் இப்படிக் கேக்க முடியாது. நீங்க மாலதான் போடுவீங்க."

அப்போதுதான் தட்டைப் பார்த்தாள். தட்டைப் பிடித்திருந்த ஆளையும் பார்த்தாள். மேடையை விட்டு இறங்கி, என்னைத் தாண்டி, அந்த அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அத்தை, அது மாமாதான். மத்தியானமே கிழிச்சிருக்கணும். நான் காத்திருந்தது தப்பு."

"கிழிச்சிருந்தா?"

"பொழைச்சிருக்கலாம்."

"அவ ஏதோ பதட்டத்துல பேசறா" என்று நான் உள்ளே புகுந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு வருசமா யார்டுல மாட்டியிருக்கற உன் போட்டோவுக்கு முன்னால கும்பிட்டேனே பாப்பா. எங்கிட்ட சொல்லத் தோணலயா?"

"சாவு வீட்டுக்கு வந்தேன் அத்தை, சொல்லத்தான் வந்தேன். அப்பா முந்திக்கிட்டாரு. நீங்க அழுகைய நிறுத்திட்டீங்க. அதுக்கப்புறம் எனக்குத் தைரியம் வரல."

அந்த அம்மா தட்டை நாற்காலியில் வைத்தது. மாலையை இரண்டு கையாலும் எடுத்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். மாலை அவளைத் தாண்டி வந்து என் கழுத்தில் விழுந்தது.

"எம் புருசன் சாவுக்கு இத்தன நாளா பதில் சொன்னது நீங்கதானேண்ணே. உங்களுக்குத்தான் போடணும்."

பொன்னாடையையும் விரித்து, மடிப்பு கலையாமல் என் தோளில் போட்டுவிட்டு, வேனுக்குப் போய்விட்டது.

இப்போது அந்த அம்மா செகிஞ்சானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறது. என் டிரைவர்கள் அங்கேதான் போய்ச் சாப்பிடுகிறார்கள், என்னிடம் சொல்லாமல். மகளை அந்த நரைத்த தலையே கூப்பிட்டு, சின்ன ஊர் மருத்துவமனைகளுக்குப் போய் இளம் மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தும் சங்கத்துக் குழுவில் சேர்த்துக்கொண்டது. அதே வயிற்றைத்தான் காட்டுகிறாளாம். அதற்கு அந்தக் கடைக்குப் போய் அனுமதி கேட்டிருக்கிறாள். கிடைத்திருக்கிறது. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

என் கழுத்தில் ஏறிய மாலைகளை அடுக்கினால் ஒரு லோரி நிறையும். எதையும் மேடையிலேயே கழற்றி எறிந்தவன் இல்லை நான். அன்றைக்கும் எறியவில்லை. நெஞ்சை நிமிர்த்தித்தான் அந்த ஹோட்டல் வாசலைத் தாண்டினேன். வேன் பக்கத்தில் மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"அப்படியே நில்லுங்க மச்சான். இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு போட்டோ இல்லாம போறதா?"

நின்றேன்.