மாலை போடாத சாமி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சிகரெட்டை விட்டவர்கள் எல்லோரும் அடுத்த வாரமே பிரசங்கம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் நுரையீரல் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். நானே எழுதினால் அந்தச் சிரிப்பு முழுவதும் என் பக்கம் திரும்பும். அதோடு நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். மூன்றாவது தடவைக்குப் பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளவில்லை.

இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன். காரணம் என் வலது கை. சாப்பிட்டு முடித்தால் அது சும்மா இருப்பதில்லை. சட்டைப்பையைத் தடவுகிறது, காது மடலைத் தடவுகிறது, ஒன்றும் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறது. ஒரு பேனாவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டு மேலே ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். எதிரே டீக்கடை. வண்டி சரியாகிவிட்டால் ஒரு டீ, ஒரு சிகரெட். சரியாகாவிட்டால் யோசிக்க வேண்டும் அல்லவா, அதற்கு ஒரு டீ, ஒரு சிகரெட். ஒரு நாளைக்கு எத்தனை என்று யாராவது கேட்டால் “ரெண்டு மூணு” என்பேன். டீக்கடை அண்ணன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டுவார். பிறகு காலையும் பார்ப்பார்.

என் கூட்டாளி ஒருவன் உண்டு. வீடு வீடாக வாட்டர் கேன் போடுகிறவன். அவன் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் பத்து வருஷமாக என் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறான். நான் விட்ட புகையில் பாதி அவனுக்குத்தான் போயிருக்கும். அதற்காக அவன் ஒரு தடவை கூட எனக்கு நன்றி சொன்னதில்லை.

சிகரெட்டை விடுவது எனக்குப் புதிதல்ல. மூன்று வருஷம் கார்த்திகையில் மாலை போட்டிருக்கிறேன். மாலை போட்ட அன்றைக்கு நிற்கும். கஷ்டமே தெரியாது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு, சாமி படத்துக்கு முன்னால் மாலையை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்துவிடுவேன். அண்ணனும் கேட்காமலேயே எடுத்து நீட்டுவார். ஒரு மண்டலம் முழுக்க இல்லாமல் இருந்த ஆளுக்கு ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு விவகாரத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் அக்கா மகனுக்கு மூச்சிழுப்பு வந்தது. பதினொரு மாதக் குழந்தை. எனக்கு மருமகன். ஆனையூரில் அக்கா வீட்டிலிருந்து நான்தான் பைக்கில் அக்காவையும் அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூக்கில் ஒரு கப்பை வைத்து மருந்துப் புகை விட்டார்கள். நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சிகரெட்டு குடிப்பீங்களா தம்பி?”

“ரெண்டு மூணுக்கா.”

“சட்டையில ஒட்டியிருக்கதே இந்தப் பிள்ளைக்கு ஆகாது. தள்ளி நில்லுங்க.”

நான் தள்ளி நின்றேன். அந்த வராந்தாவில் இன்னும் தள்ளி நிற்க இடமில்லாமல் வாசலுக்கே வந்துவிட்டேன். வாசலில் நின்றதும் கை சட்டைப்பைக்குப் போனது. எடுத்துப் பற்ற வைக்கப் போகும்போது அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்றும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் போனில் சொன்னாள். “காதுகுத்துக்குத் தேதி குறிச்சாச்சு. முழுசா நாப்பத்தெட்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் சிகரெட்டத் தொடாம இருந்தா நீ மடியில வச்சுக்க. இல்லன்னா பெரியப்பா மகன் உக்காரட்டும். அவனுந்தேன் தாய்மாமன்.”

எங்கள் பக்கம் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அதற்கு மேல் தாய்மாமனுக்கு வேறு பெருமை கிடையாது. எனக்குக் கூடப்பிறந்தது ஒரே அக்கா. அவளுக்கு ஒரே பிள்ளை. எனக்கு வேறு மடி வாய்ப்பு இல்லை. பெரியப்பா மகனோ பவுடர் வாசம் அடிக்கிற ஆள். சட்டையில் பேனா குத்தியிருப்பான். அந்தப் பேனா எழுதி நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

“மாலை போட்டா மட்டும் எப்புடி மாப்ள ஒனக்கு நிக்குது?”

“சாமிக்குப் பயந்துதேன்.”

“சும்மா சொல்லாத. சாமிக்குப் பயந்தவனா நீயி? மாலை போட்டா எல்லாரும் சாமின்னு கூப்புடுவாய்ங்க. எவனும் ஒனக்கு நீட்ட மாட்டாய்ங்க. நீயும் கேக்க மாட்ட. அம்புட்டுதேன்.”

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கேன் தூக்குகிறவனுக்கு இவ்வளவு அறிவு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

“இப்பக் கார்த்திகையும் இல்ல, மாசியும் இல்ல. எந்த மாலையப் போடுறது?”

“மாலை எதுக்கு? இன்னையிலருந்து நீ சாமி.” அவன் டீக்கடை அண்ணன் பக்கம் திரும்பினான். “அண்ணே, சாமிக்கு இனி சிகரெட்டுக் குடுக்காதீங்க.”

“எந்தச் சாமிக்கு?” என்றார் அண்ணன். கூட்டாளி என்னைக் காட்டினான். அண்ணன், “கலி முத்திருச்சுப்பா” என்று சொல்லிவிட்டுப் பால் சட்டிக்குத் திரும்பினார். ஆனால் அன்றையிலிருந்து கொடுக்கவில்லை. கெஞ்சினால், “சாமி, கடைக்குப் பழி வந்துரும்” என்பார்.

முதல் மூன்று நாள் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் யாரிடமும் பேசவில்லை, பேசியவர்களும் திரும்பப் பேச வரவில்லை. ஒரு வண்டிக்கு பிரேக் டைட் வைக்கச் சொன்னால் சக்கரமே சுற்றாத அளவுக்கு வைத்துக் கொடுத்தேன். தூக்கம் வரவில்லை. இருமல் மட்டும், இத்தனை நாள் எங்கே இருந்ததோ, கூட்டமாக வந்தது.

மெடிக்கலில் கேட்டு, இதற்கென்று விற்கிற சூயிங்கம் வாங்கினேன். கடைக்காரர் மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்கச் சொன்னார். நான் புல்லுக்கட்டு கிடைத்த மாடு மாதிரி மென்றேன். ஒரு மணி நேரம் விக்கல். மறுநாள் அவர் சொன்ன மாதிரியே செய்தேன், வேலை செய்தது. சொன்ன மாதிரி செய்தால் வேலை செய்யும் என்பதை இருபத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

நர்ஸம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆசை வந்தால் அஞ்சு பத்து நிமிஷம்தான், ஒரு டம்ளர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு கைக்கு ஒரு வேலை கொடுத்தால் அதுவாகப் போய்விடும் என்று. நான் கைக்கு செயின் கழுவுகிற வேலையைக் கொடுத்தேன். ஆசை வரும்போதெல்லாம் எவன் வண்டி நின்றாலும் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்ப்பேன். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாம் பளபளக்கிற செயினோடு போனார்கள். முதலாளிக்கு சந்தோஷம். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

டீயையும் நிறுத்த வேண்டியிருந்தது. டீ கிளாஸ் இடது கைக்கு வந்தால் வலது கை தன் பங்கைக் கேட்கும். அதனால் சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற சூடு. பருத்திப்பாலும் சிகரெட்டும் சேர்த்துக் குடித்தவன் மதுரையில் எவனும் இருக்க மாட்டான். அதனால் கைக்கு ஞாபகம் வரவில்லை.

சாமி என்று கூப்பிட்டதில் ஒரு நஷ்டமும் உண்டு. சமயநல்லூரில் ஒரு கிடாவெட்டுக்குப் போனோம். பந்தியில் கறி வாளி என் இலைக்கு நேரே வந்தது. கரண்டி வாளிக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த கூட்டாளி, “சாமி, அந்தத் தண்ணிய இங்கிட்டுத் தள்ளு” என்றான். பரிமாறியவர் பதறிப்போய் வாளியை மூன்றடி பின்னால் கொண்டுபோனார்.

“ஆத்தி! சாமியா? சொல்ல வேணாமா? தெரியாம வைக்கப் பாத்தேனே!”

“அண்ணே, நான் சாமியெல்லாம் இல்லண்ணே, வைங்க.”

“அதெல்லாம் ஆகாது. தம்பிக்கு ரசம் கொண்டாங்கப்பா!”

கூட்டாளி என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சும் சத்தம் என் காதுக்குக் கேட்கிற மாதிரிச் சாப்பிட்டான். நான் ரசம் சாதத்தோடு எழுந்தேன். கறி சாப்பிடாததால் அதற்கப்புறம் வருகிற சிகரெட் ஆசையும் வரவில்லை என்பதை மட்டும் இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவனிடம் சொல்லவில்லை.

இப்படிப் பத்தொன்பது நாள் போனது. அக்கா அடுப்படிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் கண் மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள்.

இருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அரை நாள் வேலை. ரோட்டில் போன வெளியூர்க்காரர் ஒருவர் வண்டி நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு வந்தார். பிளக் மாற்றினேன். ஒரே உதையில் கிளம்பிவிட்டது. அவருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பாக்கெட்டைத் திறந்து, “ஒண்ணு பிடிங்க தம்பி” என்று நீட்டினார். அவருக்கு நான் சாமி என்று தெரியாது. சொல்ல டீக்கடை அண்ணனும் இல்லை, ஞாயிறு மதியம் கடை லீவு. கூட்டாளியும் இல்லை. வலது கை என்னைக் கேட்காமல் வாங்கிவிட்டது.

பாதி குடித்தேன். தலை சுற்றியது. பத்தொன்பது நாள் ஏங்கியது இதற்குத்தானா என்று இருந்தது. மீதியைத் தேய்த்து அணைத்தேன்.

சாயங்காலம் ஆனையூருக்கு மருமகனைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தேன். குளித்தேன். வேறு சட்டை போட்டேன். இரண்டு தடவை பல் தேய்த்தேன். கொய்யா இலையைப் பறித்து மென்றேன், கிராம்பு போட்டேன். ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமாகப் போனதில்லை. அக்கா வாசலிலேயே நிறுத்தி, “ஊது” என்றாள். ஊதினேன். சட்டையை முகர்ந்தாள். தலையை முகர்ந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

“இருவதாவது புள்ளி” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

அவனுக்குப் பல் முளைக்கிற நேரம். கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பான். என் வலது கையைப் பிடித்தான். அஞ்சு விரலில் நேராக ஆள்காட்டி விரலைத் தேர்ந்தெடுத்து வாய்க்குள் வைத்துச் சப்ப ஆரம்பித்தான். மதியம் சிகரெட்டைப் பிடித்திருந்த விரல். சோப்புப் போட்டுக் கழுவியதுதான். ஆனாலும் அந்த விரல்தான்.

வெடுக்கென்று பிடுங்கினேன். அவன் வீறிட்டு அழுதான். அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னடா பண்ணுன பிள்ளைய?”

“அக்கா, மத்தியானம் பாதி குடிச்சுட்டேன்.”

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். உள்ளே போய்க் காலண்டரில் அத்தனை புள்ளிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். “நாளையிலருந்து ஒண்ணு” என்றாள். பிறகு கணக்குப் போட்டுவிட்டு, “காதுகுத்து அன்னைக்கு ஒனக்கு இருவத்தொம்பதுதேன் வருது. நான் பெரியப்பா வீட்டுக்குப் போன் போடுறேன்” என்றாள்.

கூட்டாளியிடம் மறுநாள் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். “சாமி, பருத்திப்பால் ஆறுது, குடி” என்றான். மடி எப்படியும் போய்விட்டது, இனி எதற்கு விட வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். அவன் கேன் தூக்கப் போய்விட்டான். பதில் எனக்கே தெரிந்துதான் இருந்தது. அன்றைக்கு முழுதும் அந்தக் குழந்தை வாய் வைத்த ஈரம் விரலிலேயே இருப்பது மாதிரி இருந்தது. ஆறு செயின் கழுவினேன்.

காதுகுத்து சமயநல்லூர் தாண்டி மச்சானுடைய குலசாமி கோயிலில். பெரியப்பா மகன் பட்டு வேட்டியில், பவுடர் வாசத்தோடு, அதே பேனாவோடு வந்திருந்தான். நான் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். வேப்ப மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள்.

“தாய்மாமன் வந்து உக்காருங்கப்பா” என்று ஆசாரி கூப்பிட்டார்.

பெரியப்பா மகன் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பினான். அக்கா அவனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள். நான் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அன்னைக்கு என் மூக்கு ஏமாந்துபோச்சு. நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றாள். “போய் உக்காரு. இன்னும் பத்தொம்பது நாள் இருக்கு, மறந்துறாத.”

“அப்ப நானு?” என்றான் பெரியப்பா மகன்.

“நீ சீர்த்தட்டப் பிடிண்ணே.”

உட்கார்ந்தேன். மொட்டை போடும்போது மருமகன் கத்தினான். காது குத்தும்போது என் ஆள்காட்டி விரலை வாயில் வைத்துக் கடித்தான். இரண்டு பல். நான் எடுக்கவில்லை. கடைசியில் என் புது வேட்டியில் ஒன்றுக்கும் போனான். பெரியப்பா மகன் தன் பட்டு வேட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டான்.

பந்தியில் கறிச்சோறு. அன்றைக்கு ஒருவரும் என்னைச் சாமி என்று கூப்பிடாததால் இரண்டு கரண்டி கறி விழுந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கூட்டாளியோடு வேப்ப மரத்துக்குப் பின்னால் வந்து நின்றேன். நல்ல வெயில். வயிறு நிறைந்திருந்தது. கை சட்டைப்பையைத் தடவியது, காது மடலைத் தடவியது. மூன்று வருஷமும் மலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே நிம்மதி.

“மாப்ள, காது குத்தி முடிஞ்சிருச்சு. இனி ஒண்ணே ஒண்ணு மட்டும்?”

அவன் பல் குத்திக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தான்.

“போடாத மாலைய எப்புடிச் சாமி கழட்டுவ?”