நான் வெட்டிய ஐந்தாவது நிரல்

"பெப்ரவரி, மூன்றாம் செவ்வாய், மாலை 5.10, கர்க்லாண்ட். மத நிரலைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பேனையால் வெட்டினேன்."

அன்றைக்குக் கொப்பியில் எழுதியது இவ்வளவுதான். எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மொன்றியல் தீவிலிருந்து கியூபெக் பேரவைக்கும் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கும் தெரிவாகிறவர்களை நான் பல வருடங்களாகப் பதிந்து வருகிறேன். பெயர், தொகுதி, தெரிவான திகதி, பதவியேற்ற திகதி என்று முதலில் நான்கு நிரல்கள்தான் இருந்தன. பேரவையில் சபாநாயகரின் ஆசனத்துக்கு மேலே 1936 முதல் சிலுவை தொங்கிய இடம் 2019 யூலை 9ஆம் திகதி வெறுமையானது. அன்று ஐந்தாவது நிரலுக்குக் கோடு போட்டு, மேலே "மதம்" என்று எழுதினேன். முந்தைய மாதம்தான் அதே பேரவை, புதிதாக வேலைக்குச் சேரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மத அடையாளம் அணியக் கூடாதென்று சட்டம் செய்திருந்தது. சாதாரண உறுப்பினருக்கு அந்தத் தடை இல்லை. தலையை மூடிக்கொண்டு ஒருவர் அந்தச் சட்டத்துக்கு வாக்களிக்கலாம், ஆனால் அதே தலையோடு வகுப்பறையில் நிற்க முடியாது. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் வாழும் இந்த நாட்டில் சட்டம் செய்யும் கதிரைகளில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய விரும்பினேன்.

இந்த வருடம் எங்களில் ஒருத்தி மாகாணத் தேர்தலுக்கு ஒரு கட்சியின் வேட்பாளராக முயன்றாள். மட்டக்களப்பில் பிறந்தவள், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மருந்தாளராக வேலை செய்கிறாள். வேட்பாளரைத் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தெரிவு செய்வார்கள். அவளுக்காக ஓடித் திரிந்தவர் கர்க்லாண்டில் இருக்கும் ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். தன் தேவாலயப் பங்கில் பல குடும்பங்களைக் கட்சியில் சேர்த்து வைத்திருந்தார். அந்த வாக்குகள் இல்லாமல் அவள் தெரிவாவது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர் வீட்டில்தான் துண்டுப்பிரசுரத்துக்குப் படம் எடுக்க இருந்தது. கொப்பியோடு நானும் கூடப் போயிருந்தேன். தேத்தண்ணி ஆற முன்னமே தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, படத்துக்கு மட்டும் அந்தப் பொட்டை எடுத்துவிடு. கோயில் வாசல்படியிலை நிண்டு ஒண்டு எடுப்பம். எங்கட மாதா கோயிலைச் சொல்லுறன்."

"அண்ணன், வெள்ளிக்கிழமை போற கோயில் வாசல்லயும் ஒண்டு எடுப்பமா?"

"பகிடி விடாதை. உன்ர அம்மா எங்களை மாதிரி வேதக்காரி தானே?"

"அம்மா வேதம், அப்பா சைவம். நான் ரெண்டுக்கும் போவன். ரெண்டுலயும் என்னை ஒருத்தரும் வெளிய போகச் சொன்னதில்ல."

"அப்ப அம்மான்ர பக்கத்தை மட்டும் சொல்லுவம். பொய் இல்லையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, கொப்பியைக் காட்டுங்கோ. இஞ்சை பொட்டோடை ஆராவது வெண்டிருக்கினமோ எண்டு இவ பாக்கட்டும்."

என் கொப்பியை அவள் முகத்துக்கு முன்னால் சாட்சியாகப் பிடிக்கப் போகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

நான் துறைமுகத்தில் கொள்கலன்களின் ஆவணம் சரிபார்க்கிறவள். உள்ளே இருப்பது தேயிலையா தகரமா என்று கொள்கலனின் நிறத்தைப் பார்த்து எழுதினால் என் வேலை அன்றைக்கே போய்விடும். ஆனால் ஐந்தாவது நிரலை அப்படித்தான் நிரப்பியிருந்தேன். நான் பார்த்த உத்தியோகப் பதிவு எதிலும் உறுப்பினரின் மதம் இல்லை. பெயரைக் கேட்டவுடன் ஆள் எந்தப் பக்கம் என்று முடிவுகட்டும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை வைத்தே எழுதினேன். குடும்பப் பெயரில் ஒரு புனிதரின் பெயர் இருந்ததால் ஒருவரைக் கத்தோலிக்கர் என்று போட்டேன். தனக்கு மதமே இல்லை என்று அவர் வானொலியில் சொன்னதைப் பின்னர் கேட்டும் திருத்தவில்லை.

அவள் கொப்பியை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். இன்னும் தெரிவாகாதவர்களை அங்கே பென்சிலால் எழுதுவேன்.

"அக்கா, என்னை இந்து எண்டு போட்டிருக்கிறீங்க."

"பொட்டைப் பாத்துப் போட்டனான்."

"அண்ணன் பொட்டை எடுக்கச் சொல்றார், நீங்க பொட்டைப் பாத்து எழுதிறீங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கயில்ல." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

பேனையை எடுத்து ஐந்தாவது நிரலை மேலிருந்து கீழாகக் கோடிட்டு வெட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வெட்டினேன்.

"வருசக்கணக்கான வேலை அக்கா," என்றார் அண்ணை. உண்மையாகவே பதறினார்.

"வருசக்கணக்கான ஊகம். இதைக் காட்டி அவவின்ர நெத்தியிலை கை வைக்க நான் விடமாட்டன்."

"பேந்து பங்குச் சனம் வாக்குப் போடாட்டி என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டம்," என்றாள் அவள். "படம் எடுங்க அண்ணன். வெளிச்சம் போகுது."

அவர் எடுத்தார். பொட்டோடுதான். வெளியே குவிந்திருந்த பனியே பின்னணி. வாசல்படி எதுவும் படத்தில் இல்லை.

ஞாயிறு கூட்டத்தில் முன்வரிசையிலிருந்த ஒரு முதியவர் எழும்பி, உங்கள் மதம் என்னவென்று பிரெஞ்சில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தான் இரண்டு இடங்களில் கும்பிடுகிறவள் என்றும், பேரவையில் கும்பிட மூன்றாவதாக ஓர் இடம் தேடப் போவதில்லை என்றும் அவள் சொன்னாள். சிலர் கைதட்டினார்கள். பலர் தட்டவில்லை. பங்குக் குடும்பங்கள் சுவரோரமாகக் கை கட்டி நின்றன.

வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது. அவள் தெரிவானாள். யாருக்கு எத்தனை வாக்குகள் என்று கட்சி அறிவிக்கவில்லை. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. மாகாணத் தேர்தலில் அவள் வெல்வாளோ தோற்பாளோ, அவளைப் பற்றிய பதிவில் நான்கு நிரல்கள்தான் இருக்கும். உறுப்பினர்களின் மதத்தைப் பற்றி யாராவது பட்டியல் கேட்டால், அவரவரிடமே போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

பங்குச் சனம் முழுக்க அவளுக்கே போட்டது என்று அண்ணை இப்போது எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். இது உறுதிப்படுத்தப்படவில்லை.