நானும் மேகமும் உள்ள ஒரே படம்

பேய்க்கதை சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் செத்தவீட்டில் யாராவது அப்படிக் கதை தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுகிற ஆள் நான். கோயிலுக்குப் போனால் கும்பிடுவேன், அதோடு சரி. ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதற்கு நான் என்ன செய்ய.

எண்பத்தாறாம் ஆண்டு கோடை. ஜெர்மனியில் எசன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் அகதிகளாய் வந்த எங்களை வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. சமைப்பது, சாப்பிடுவது, காட்ஸ் விளையாடுவது, இவ்வளவுதான் நாள். எனக்குக் காட்ஸ் சரிவராது, தோற்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் பழைய சாமான் சந்தையில் ஒரு ரஷ்யக் கமெராவும், கால் ஆடுகிற ஒரு ஸ்டாண்டும் வாங்கி மேகத்தைப் படம் எடுக்கத் தொடங்கினேன்.

சும்மா வெள்ளை மேகம் இல்லை, இடி மேகம். மத்தியானத்தில் கோலிபிளவர் மாதிரிக் கிளம்பும், பார்த்துக்கொண்டிருக்கவே மேலே மேலே போகும், ஒரு உயரத்துக்குப் பிறகு தலை தட்டையாகிப் பரவும். ஜெர்மன்காரர் அதை அம்பொஸ் என்பார்கள், கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற பட்டடை. அந்தத் தட்டை எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்த்தால் மழை எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிடலாம். நான் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஹைமில், அதுதான் அந்த அகதி விடுதியில், எல்லோரும் என்னைக் கேட்டுத்தான் உடுப்புக் காயப்போடுவார்கள்.

என் அறையில் இருந்த சிவம் அண்ணைக்கு மட்டும் இது பிடிக்கவே பிடிக்காது. அந்த நாளில் எங்கள் ஆட்கள் படம் எடுத்தால் யாரோ ஒரு ஜெர்மன்காரனின் காருக்கு முன்னால், யாரோ ஒருவனின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றுதான் எடுப்பார்கள். அதை ஊருக்கு அனுப்புவார்கள், ஊரில் கார் இவனுடையது என்று நினைப்பார்கள். நான் பிலிமை எல்லாம் வானத்துக்குச் செலவழிக்கிறேன் என்று அண்ணை ஏசிக்கொண்டே இருப்பார். படம் என்றால் ஆள் நிற்க வேண்டாமா என்பார்.

என் மனைவி யோகாவும் அதையேதான் எழுதினாள், ஆனால் வேறு மாதிரி. நான் மேகம் எடுக்கத் தொடங்கியதே அவளுக்காகத்தான். யாழ்ப்பாணத்தில் வானம் கறுத்து இருண்டால் ஹெலிகொப்டர் வராது, குண்டு விழாது. கலியாணம் முடித்து நாங்கள் ஒன்றாக இருந்த கொஞ்ச நாளில், இடி முழங்குகிற நாளில்தான் அவள் பயமில்லாமல் கிணற்றடியில் நின்று தலை முழுகுவாள். பாட்டும் பாடுவாள், நல்லாயிராது. அதனால் கறுத்த மேகமாகப் பார்த்து எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவள் எழுதினாள், மேகம் எல்லாம் வடிவாய் இருக்கு, ஆனால் ஒன்றிலாவது உங்களையும் நிற்பாட்டி எடுங்கோ என்று.

அவள் படம் எடுக்கிற வடிவையும் சொல்லவேண்டும். கலியாணத்துக்கு அடுத்த கிழமை மச்சானின் கமெராவை வாங்கி என்னை வளைத்து வளைத்து எடுத்தாள். கழுவி வந்தால் எல்லாப் படத்திலும் மேல் மூலையில் அவளுடைய விரல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்தக் கோடையில் யோகா என்னிடம் வருவதற்காக, காசுக்கு ஆட்களை எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனோடு கொழும்பை விட்டு வெளிக்கிட்டாள். மொஸ்கோவில் இறக்கி, அங்கிருந்து கிழக்கு பெர்லின் வழியாகக் கொண்டுவருவதாகச் சொன்னான். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. ஏஜென்சிக்காரன் போனை எடுக்கவில்லை. இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் சோறு இறங்குமா சொல்லுங்கள். எனக்கு இறங்கவில்லை.

அந்த நாள் காலையிலிருந்தே புழுக்கம். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கில் மேகம் கிளம்பியது, அதுவரை நான் கண்டதிலேயே பெரியது. ஹைமுக்குப் பின்னால், சுரங்கத்துக் கழிவைக் கொட்டிக் கொட்டியே மலையாகிப்போன ஒரு மேடு உண்டு. மேட்டின் மற்றச் சரிவு அடுத்த ஊருக்குச் சொந்தம், அங்கே நான் கால் வைக்கக்கூடாது, மேகத்தை யார் மறிப்பது. உச்சியில் ஒரு பழைய இரும்புத் தூண் நின்றது. ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கமெராவை மேற்கே திருப்பி, பிலிமைச் சுற்றி ஆயத்தமாக வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். இடிக்குள் இரும்பில் சாய்ந்திருந்தாயா என்று கேட்பீர்கள். ஓம், விசரன்தான். மேகம் படித்தவனுக்கு அந்த நேரம் புத்தி மேகத்தில் இல்லை. இவளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது காற்று சட்டென்று குளிர்ந்தது, பின்னாலிருந்து, சரிவுக்குக் கீழேயிருந்து குரல் கேட்டது.

“இஞ்சாருங்கோ.”

யாழ்ப்பாணத்து மனைவி புருஷனின் பெயரைச் சொல்ல மாட்டாள், அந்த ஒரு சொல்தான். கோபத்துக்கும் அதுதான், பாசத்துக்கும் அதுதான், சோறு ஆறுகிறது என்பதற்கும் அதுதான். நான் கேட்டது சோறு ஆறுகிற இஞ்சாருங்கோ. நம்பினால் நம்புங்கள், நான் பயப்படவே இல்லை, யோசிக்கவும் இல்லை. “வாறன்” என்று சொல்லிக்கொண்டு எழும்பி, கமெராவை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிவிட்டேன்.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் எல்லாம் வெள்ளையானது, சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது, விழுந்துவிட்டேன். பிறகு மழை. பற்றைகளுக்குள் எல்லாம் யோகா யோகா என்று கூப்பிட்டுக்கொண்டு தேடினேன், ஒரு குருவிகூட இல்லை. மழை விட்டபின் மேலே போனால் தூணின் உச்சி உருகி வளைந்திருந்தது, நான் சாய்ந்திருந்த இடத்தில் புல் கருகிப்போயிருந்தது. ஸ்டாண்ட் விழவில்லை. ஆனால் மேற்கே திருப்பி வைத்த கமெரா நான் இறங்கிய சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் எடுக்காத படம் எடுபட்டும் இருந்தது.

நனைந்துபோய் வந்து சிவம் அண்ணையிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல ஏசவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“எத்தினை தரம் கூப்பிட்டது?”

“ஒருக்காத்தான் அண்ணை.”

அவருடைய முகம் மாறிவிட்டது. ஒருதரம் மட்டும் கூப்பிடுவது மனிசர் இல்லை, இரண்டாம் தரம் கூப்பிடுமட்டும் பதில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் முதல் தரமே வாறன் என்றுவிட்டேன்.

“நீ ஏன் தம்பி பதில் சொன்னனீ?” என்றார், பிறகு எனக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்றோ என்னவோ அடுத்த அறையில் போய்க் கற்பூரம் கொளுத்தினார். வாசம் வந்துவிட்டது. அவள் செத்துப்போய்விட்டாள், போகிற வழியில் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். பேயை நம்பாதவன் போர்வையை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுதேன்.

படம் கழுவி வந்தது. கடைசிப் படத்தில் நான். முதுகைக் காட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறேன், சேட் காற்றில் உப்பியிருக்கிறது, வாறன் என்பதற்கு ஒரு கையைத் தூக்கியிருக்கிறேன். தலைக்கு மேலே மேகத்தின் அடிவயிறு முழுக்க மாட்டு மடிபோலத் தொங்கித் தொங்கி நிற்கிறது. மேல் மூலையில் மங்கலாக, சிவப்பாக ஒன்று. கடைக்கார ஜெர்மன்காரன், காற்று கமெராவைத் திருப்பியிருக்கும், இடி அதிர்ச்சியில் பொத்தான் அமுங்கியிருக்கும், மூலையில் இருப்பது ஈரம் என்றான். இருக்கலாம். நல்ல மனிசன், எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தான்.

அடுத்த கிழமை ஹைமின் நடையில் இருந்த போன் அடித்தது. எனக்குத்தான் என்றார்கள்.

“இஞ்சாருங்கோ, நான் மேற்கு பெர்லினுக்கு வந்திட்டன்.”

லைனில் இருக்கிறீங்களோ, இருக்கிறீங்களோ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், சிவம் அண்ணைதான் போனை வாங்கி, ஓம் பிள்ளை, இருக்கிறான், அழுகிறான் என்றார்.

கடதாசிகள் எல்லாம் சரிவந்து அவள் என்னிடம் வர மாரி தொடங்கிவிட்டது. இடி விழுந்த அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேட்டேன். மொஸ்கோவில் ஒரு அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்களாம், தினமும் உருளைக்கிழங்குதான் அவித்தோம், அன்றைக்கும் அதுதான் என்றாள். கனவு கினவு ஒன்றும் இல்லை. நான் மேட்டில் நடந்ததைச் சொல்லவில்லை, வந்த பிள்ளையைப் பயப்படுத்துவானேன். படங்களைக் கட்டிலில் பரப்பிவிட்டுப் பக்கத்து மேசையில் தேத்தண்ணி ஊற்றினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், மேகங்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படம் வந்ததும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

“சீ, இதிலயும் விரலை விட்டிட்டன்.”

சொல்லிவிட்டு அடுத்த படத்தை எடுத்தாள். தேத்தண்ணி என் காலில் ஊற்றுண்டது. யோகா, எதில, எப்ப என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்து, என்ன எதில என்றாள், சாப்பிட ஏதும் இருக்கோ என்றாள். பிறகு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு விசர், நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள்.

படம் ஆல்பத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் போனில் எடுக்கிற படங்களும் இருக்கின்றன, அதே மூலையில் அதே விரல். பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போதும் இடி மேகம் கிளம்பினால் பல்கனியில் போய் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இஞ்சாருங்கோ என்பாள். நான் அசைய மாட்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “இஞ்சாருங்கோ, காது கேக்கேல்லையோ?” என்று இரண்டாம் தரமும் கூப்பிட்டால்தான் வாறன் என்று சொல்லி உள்ளே போவேன்.