கியர் விழும் நேரம்

யுத்த காலத்தில் கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்கு, பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரி வாயுவில் ஓடிய கரி பஸ்ஸின் டிரைவர் அவர். ஒல்லியான உடம்பு, முறம் போல இரண்டு காதுகள். பெயரை நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்து கியர் லேசில் விழாது. ஏற்றத்தில் கீழ் கியருக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினை உறுமவிட்டு, சுருதி சேர்ந்த கணத்தில் மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். தவறினால் வண்டி பின்னால் உருளும். அவர் அந்தச் சுருதியைக் காதால் பிடிப்பார். அதனால் அவர் கையை உயர்த்தினால் பஸ்ஸே வாயை மூடிக்கொள்ளும். மீன்காரம்மாக்களின் சண்டைகூடப் பாதி வசவில் நிற்கும். கியர் விழுந்ததும் மீதி வசவு வரும்.

ஒருநாள் வல்லத்திராக்கோட்டைக்கு அருகே கண்மாய்க்கரை ஏற்றம். கை உயர்ந்தது. கைக்குழந்தைகூட அழவில்லை. ஆனாலும் கியர் கர்ரென்று பல்லைக் கடித்தது. வண்டி உருண்டு கீழே வந்து நின்றது.

அவர் திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாருங்க அது, மனசுக்குள்ள பேசுனது?"

"ஒருத்தரும் வாயே தெறக்கலையேங்க!" என்றார் ஒரு மீன்காரம்மா.

"வாயச் சொல்லல ஆத்தா, மனசச் சொல்றேன்." அவர் பார்வை என்மேல் நின்றது. "நீங்க எறங்கி நடங்க. மேல வந்து ஏறிக்கலாம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். வண்டி மறுபடி ஏறியது. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

அந்த நேரத்தில் நான் மனத்துக்குள் என் மைத்துனரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். அது அவருக்கு எப்படிக் கேட்டது?