கை ஊன்றாமல்

கண்டியில் ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருந்தபோது, கட்டியைப் பற்றி மட்டும்தான் பயந்தேன். பெருங்குடலில் புற்றுநோய். வெட்டியெடுத்தால் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனேன். யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் ஸ்கேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அம்மா, கை ஊன்றாமல் கதிரையால எழும்புங்கோ பாப்பம்.”

நாற்காலியை விட்டு எழும்ப என்னால் முடியவில்லை. மானம் போனது.

“கட்டியை வெட்டலாம். உங்கட உடம்புதான் தாங்காது. மூண்டு கிழமை தாறன். நடவுங்கோ, நல்லாச் சாப்பிடுங்கோ. அப்பவும் எழும்பேலாட்டி ஒப்பரேஷன் செய்யேலாது.”

பலவீனமான உடம்பென்றால் பிறகு நிமோனியா (நுரையீரலில் கிருமி பற்றுதல்) வரலாம், காயம் ஆறப் பிந்தலாம் என்று விளக்கினார்.

மடவளையில் எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. வருத்தம் (நோய்) தெரிந்த நாள் முதல் மகள் ரிஸ்னா என்னை அசைய விடவில்லை. விளக்குமாற்றைப் பிடுங்கினாள். உட்கார்ந்தபடி தொழக் கதிரை வாங்கிப் போட்டாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் “படுங்க, படுங்க” என்றார்கள். அன்பாலேயே என்னை முடக்கிவிட்டார்கள்.

“ஒங்களுக்கு ஏலாது உம்மா. இரிங்க.”

“இருந்து இருந்துதான் மகள் ஏலாமப் போச்சு.”

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. தொழுகையில் போலக் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, அதே கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிப் பழகினேன். குமட்டக் குமட்ட முட்டையும் மீனும் விழுங்கினேன். அதிகாலையில் ஸுபஹ் தொழுத கையோடு மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க நடந்தேன். முணுமுணுத்துக்கொண்டே ரிஸ்னா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வந்தாள். இதைப் படிக்கிற உங்களையும் வீட்டார் படுக்கச் சொன்னால், டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

மூன்று வாரத் தவணை முடிந்து போனபோது, டொக்டரின் முன்னால் கை கட்டியபடி எழும்பினேன். விழவில்லை.

“ஓம், இனி வெட்டலாம்.”

வயிற்றை வெட்டப்போகிறார்கள் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

ஒப்பரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். சளி தேங்காமலிருக்க, தலையணையை வயிற்றோடு அணைத்து இருமச் சொன்னார்கள். உயிர் போனது. ஆனால் கால்கள் என்னைக் கைவிடவில்லை.

இப்போது சுஜூதிலிருந்து (நெற்றி நிலத்தில் பட வணங்குதல்) எழும்பும்போது தையல் போட்ட இடம் இழுக்கிறது. முன்பு யோசிக்காமலே எழும்புவேன். இப்போது ஒவ்வொரு முறையும் உடம்பு தெரிகிறது. அடுத்த தொழுகை வரைக்கும்தான் யோசிக்கிறேன், அதற்கப்பால் போவதில்லை.

ரிஸ்னாவின் கதிரை முன் அறையில் கிடக்கிறது. வருத்தம் பார்க்க வருகிறவர்களை அதில் இருத்திவிட்டு, நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன்.