அலம்பி வைத்த அகத்திக்கீரை

அகத்திக்கீரையைப் பறித்த பிறகு ஒரு நாள் தாங்கும் என்பார்கள். தாங்கும், அது யார் கையில் அகப்படுகிறது என்பதைப் பொறுத்து. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அது ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. அதனால் எனக்கு வந்த வினையை எழுபது வயது தாண்டியும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

யுத்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். சித்திரை மாதத்தில் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து அம்மா ஒரு கார்டு போட்டிருந்தாள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். கார்டை என் கணவர் படித்துவிட்டு மாமியாரிடம் கொடுத்தார். எனக்கு எழுதிய கார்டு என் கைக்கு மூன்றாவதாகத்தான் வந்தது.

மாமியார் ஏகாதசி விரதத்தில் ஒரு குறையும் வைக்கமாட்டார். அன்று முழுக்கப் பட்டினி கிடந்து, மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையோடு சாப்பிட்டு விரதத்தை முடிப்பார். அதற்குப் பாரணை என்று பெயர். "நாளன்னிக்குப் பாரணை ஆகட்டும். அன்னிக்குச் சாயங்காலமே ரயிலேறு" என்றார். நான் அப்போதே பெட்டியில் இரண்டு புடவையை மடித்து வைத்துவிட்டேன்.

அந்தத் துவாதசி பொல்லாத துவாதசி. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் திதி முடிந்துவிடும். அதற்குள் சாப்பிட்டாக வேண்டும். தேனாம்பேட்டைத் தோட்டங்களிலிருந்து கூடை சுமந்து வரும் கீரைக்காரி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். ஆகவே ஏகாதசியன்றே வாங்கி வைத்துவிடுவது என்று ஏற்பாடு.

நாளைக்குச் சமைக்க என்று நான் சொன்னதும் கீரைக்காரியின் கை நின்றது.

"நாளிக்கா? அப்ப கழுவாதம்மா. காம்பு மட்டும் தண்ணில நிக்கட்டும், எல மேல சொட்டுகூடப் படக்கூடாது. காத்தோட்டமா வெய்யி. இன்னா வெயிலு கீது பாரு, கழுவி மூடி வெச்சின்னா காலைல அழுவிப் பூடும்."

மாமியார் நிலைப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவ ஆயிரம் சொல்லுவா. அவ தொட்டதை அலம்பாம நம்ம ஆத்துல சமையலுள்ளுக்குக் கொண்டு வருவியோ? மூணு சொம்பு ஜலம் விட்டு அலம்பி, மடித்துணில சுத்தி, வெண்கலப் பானையில மூடி வை."

மடி என்றால் எங்கள் வீட்டில் பிறர் கை படாத சுத்தம். கீரைக்காரி கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் தீட்டு. அவளே வளர்த்து, அவளே ஒடித்து, தலையில் வைத்துச் சுமந்து வந்தது எதை அலம்பினால் போகும் என்று யாரும் கேட்கவில்லை.

"காலையில அலம்பிக்கலாமே அம்மா. இப்ப நனைச்சா அழுகிடுமாம்" என்று ஈனசுரத்தில் சொல்லிப் பார்த்தேன்.

"கீரைக்காரிகிட்ட பாடம் கேட்டுண்டு வந்திருக்கா" என்று மாமியார் கூடத்தைப் பார்த்துச் சொன்னார். கூடத்தில் கணவர் பத்திரிகையில் யுத்தம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றபடி செய்யேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

செய்தேன். ஒரே ஒரு கொத்தை நனைக்காமல் கொல்லைப் பக்கம் ஒளித்து வைத்தால் என்ன என்று தோன்றாமல் இல்லை. நான் பயந்தாங்கொள்ளி. கண்டுபிடித்துவிட்டால் ஊருக்கு அனுப்பமாட்டார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காக என்னை நானே வைததுக்கு அளவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பானையைத் திறந்தேன். உள்ளேயிருந்து சூடு வந்தது, கூடவே குப்பைமேட்டு வாடை. துணியைப் பிரித்தால் இலையெல்லாம் காம்பைவிட்டு உதிர்ந்து, கறுத்து, வழவழவென்று விரலில் ஒட்டியது. பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தேன். ஒரு கரண்டிக்குக்கூடத் தேறவில்லை.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். மூன்று சொம்பும் வெண்கலப் பானையும் அவருக்கு மறந்தே போயிருந்தன. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமியார் உடைத்ததும் மருமகள் உடைத்ததுதான்.

"புறப்படற ஞாபகத்துலயே இருந்தா கை எப்படி வேலை செய்யும்? பாரணை பங்கமாயிடுத்து. அடுத்த துவாதசிக்கு ஒழுங்கா கீரை பண்ணிப் போட்டுட்டுப் போ. பதினஞ்சு நாள்ல என்ன ஆயிடப் போறது" என்றார். நெல்லிக்காய்ப் பச்சடியோடு சாப்பிட்டு எழுந்தார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் தந்தி வந்தது. அன்றைக்கு யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. சாயங்காலமே ரயிலேற்றிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவுக்கு அழுது ஓய்ந்த முகம்.

"தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா நீதான்னு எழுந்து உக்காந்துப்பார். கடைசி நாள் வரைக்கும் பார்த்துண்டிருந்தார். ஏண்டி வரலை?"

கீரை அழுகிவிட்டது, அதனால் வரவில்லை என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது?

"யுத்த காலமோன்னோ, ரயில்ல எடம் கிடைக்கலைம்மா" என்றேன்.

அம்மா நம்பினாள். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் யுத்தத்தைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.