எஃப்-டூ வேலை செய்யவில்லை

திருப்பதியில் ஒரு லாரி கம்பெனியின் கிளையில் நான் ஒருவனே குமாஸ்தா. என் கம்ப்யூட்டர் ஐதராபாத் தலைமை அலுவலகத்து சர்வரோடு இணைந்திருந்தது. அடித்ததைச் சேமிக்க எஃப்-டூ கீயை அமுக்க வேண்டும். அமுக்கினால் சேமிக்காமல், திரையில் சம்பந்தமில்லாத எழுத்துகளைத் துப்பியது.

போன் செய்தேன். தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவில் எடுத்தவர், சரியான கீயைத்தான் அமுக்குகிறாயா என்று தெலுங்கில் மூன்றாம் முறையாகக் கேட்டார். கோபம் வந்தால் எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும்.

"இன்னா, நான் பொய்யா சொல்லிக்கினு கீறேன்?"

உடனே அவரும் தமிழில் கேட்டார்: "நீ எந்த ஊருப்பா? நான் திருப்பதி பக்கம், நாகலாபுரம்."

அவர் சொன்னபடி, சர்வரோடு இணைக்கும் டெர்மினல் செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தை மாற்றினேன். கீ வேலை செய்தது. ஐந்தே நிமிடம். போனை வைத்துவிட்டார்.

அதன்பின் அந்தப் பாழாய்ப்போன கீ ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. பகலெல்லாம் டிரைவர்களோடு தெலுங்கில் கத்திவிட்டு, சாயங்காலம் அறைக்குப் போனால் பேச ஆளில்லை. நாலாம் நாள் காலை, செட்டிங்கை நானே பழையபடி மாற்றிவிட்டுப் போன் செய்தேன்.

"அண்ணா, எஃப்-டூ மறுபடியும் வேலை செய்யல."

"அது தானா மாறாதேப்பா."

"ஆமாண்ணா" என்றேன்.

"சரி, மெதுவா பார்க்கலாம்" என்றார். "நீ துன்னியா?"